மாந்தோப்பு கவாத்துக்கு சின்ன பேட்டரி செயின்சா: தேடுனது, வாங்குனது, தீட்டுனது

செயின்சா வாங்கணும்னு முடிவானதும் தையல் டப்பாவுல இருந்த இன்ச் டேப்ப எடுத்துகிட்டு நேரா தோப்புக்குத்தான் போனேன், ஏன்னா எத்தன இன்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) வேணும், எத்தன வோல்ட் வேணும்னு கடையில கேக்குறதுக்கு முன்னாடி நம்ம மரத்துல வெட்ட வேண்டிய கொம்பு எவ்ளோ தடிமன்னு நமக்கு தெரிஞ்சிருக்கணும். குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவுல எங்க மாமனாரோட சின்ன தோப்பு, பங்கனப்பள்ளி, நீலம், பெங்களூரா மூணும் கலந்து நட்டது, வரப்பு ஓரமா முருங்கை, வேம்பு, புங்கன், மூலையில ஒரு பெரிய புளி, அதுக்கு அந்தாண்ட வேலிகாத்தான். மாமாவுக்கு இப்ப தோள்பட்டை தூக்க முடியல, வீட்டுக்காரர் வாரக் கடைசிதான் வருவாரு, கூலிக்கு ஆள் வச்சா பெரிய பெட்ரோல் மெஷின எடுத்துட்டு வந்து கண்ணுல பட்டதெல்லாம் அறுத்துத் தள்ளிட்டு போயிடுறாங்க, கவாத்துன்னா எதை விடணும்னு பாத்து நிதானமா பண்ற வேலை, அதனால நானே பண்ணணும்னு இருந்தேன்.

கொம்ப சுத்தி டேப் வச்சா கெடைக்கிறது சுத்தளவு, அதை 3.14 ஆல வகுத்தா தடிமன், மனக்கணக்குக்கு மூணால வகுத்தாலே போதும். ஒம்பதரை இன்ச் சுத்தளவுன்னா மூணு இன்ச் தடிமன். இப்டி அளந்து நோட்டுல எழுதுனதுல தெரிஞ்சது என்னன்னா, எடுக்க வேண்டிய கொம்புல முக்கால்வாசி ஒண்ணரையில இருந்து மூணு இன்ச்சுக்குள்ள, கொஞ்சம் நாலு இன்ச், அதுக்கு மேல விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு இன்ச்சுக்கு கீழ இருக்குறதுக்கு செயின்சாவே வேணாம், கவாத்து கத்தரி இல்லன்னா நீளக் கைப்பிடி வச்ச லாப்பர் போதும், சொல்லப்போனா அதுதான் நல்லது, ஏன்னா மெல்லிசு சிம்ப செயின்ல குடுத்தா அது வெட்டாம துள்ளும், சமயத்துல செயினுக்குள்ள இழுத்துகினு போயி மூஞ்சில அடிக்கும்.

பார் நீளத்துக்கு நான் வச்சிகிட்ட கணக்கு, வெட்டுற கொம்ப விட ரெண்டு இன்ச்சாவது கூட இருக்கணும். 4 இன்ச் பார்னா ரெண்டு இன்ச் கொம்பு வரைக்கும் நிம்மதியா போகும். 6 இன்ச்சுன்னா நாலு வரைக்கும். 8 இன்ச் இன்னும் கொஞ்சம் தாங்கும் ஆனா கனம் ஏறிடும், மோட்டாரும் பேட்டரியும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். நெட்டுல போட்டோவுல காட்டுற மாதிரி 4 இன்ச் மெஷின வச்சு தொடை தடிமன் மரத்த சுத்தி சுத்தி அறுக்க முடியாதான்னா முடியும், ஆனா பாரோட மூக்கு மரத்துக்குள்ள மாட்டுற வேலை அது, அதுல இருக்குற ஆபத்த பின்னாடி சொல்றேன். எங்க தோப்புக்கு 6 இன்ச்சுன்னு டேப்பே சொல்லிடுச்சு.

அடுத்தது வோல்ட். இந்த விஷயத்துல மக்கள ரொம்ப ஏமாத்துறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். ஆன்லைன்ல மூவாயிரம் ரூபா சுத்துல நெறைய மினி செயின்சா இருக்கு, டப்பா மேல 48ன்னு போட்டிருக்கும், 88ன்னு போட்டிருக்கும், பக்கத்துல ரெண்டு எழுத்து ஒட்டியிருக்கும், பாக்குறவங்க அதை வோல்ட்டுன்னு எடுத்துக்குறாங்க. உள்ள இருக்குறது 18650ன்னு சொல்ற லித்தியம் செல்லுங்க, 18 மில்லி குறுக்களவு, 65 மில்லி நீளம். ஒரு செல்லு சராசரியா 3.6 வோல்ட், ஃபுல் சார்ஜுல 4.2. அஞ்சு செல்ல வரிசையா சேத்தா 18 வோல்ட், ஃபுல் சார்ஜுல 21. 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட்னு மூணு கம்பெனி மூணு விதமா போட்டாலும் மூணுலயும் இருக்குறது அதே அஞ்சு செல்லு வரிசைதான். நெஜமாவே 88 வோல்ட் வேணும்னா 24 செல்லு வரிசையா இருக்கணும், கைப்பிடிக்கு கீழ மாட்டுற அந்த சின்ன டப்பாவுல அத்தன செல்லு எங்க உக்காரும்? கண்டுபிடிக்க சுலபமான வழி சார்ஜர் ஸ்டிக்கர பாக்குறது. அவுட்புட் 21 வோல்ட்னு போட்டிருந்தா அது அஞ்சு செல்லு வரிசை, டப்பா மேல என்ன நம்பர் இருந்தாலும் சரி. அதே போல ஆம்பியர் அவரும், அதாவது பேட்டரி எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கிற கணக்கும் பாக்கணும், 18 வோல்ட் 2 ஆம்பியர் அவர்னா 36 வாட் அவர், 4 ஆம்பியர் அவர்னா 72, அது அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசை, பத்து செல்லு, செல்லுங்களே அரை கிலோகிட்ட வந்துடும். சின்ன பேட்டரிய தூக்கிப் பாத்து லேசா இருந்து மேல பெரிய நம்பர் போட்டிருந்தா சந்தேகப்படுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி வேற வேற மெஷின புடிச்சி பாக்கணும்னு மொதல்லயே நெனச்சிருந்தேன். எதிர்த் தோப்பு அண்ணாகிட்ட ஒரு பேர் இல்லாத 4 இன்ச் மெஷின் இருந்துச்சு, ஒத்தக் கையால புடிக்கிற மாதிரி துப்பாக்கி சைஸ். லேசா இருக்கு, சீக்கிரம் பழகிடும், ரெண்டு இன்ச் வேப்பங்கொம்புல வெண்ணெயா போச்சு, ஆனா மூணு இன்ச் நீலம் மரத்துல பாதியில நின்னுடுச்சு, எடுத்துப் பாத்தா பாரும் செயினும் தொட முடியாத சூடு. எண்ணெய் டேங்கே கெடயாது அதுல. அண்ணாவும் அப்பப்ப சமையல் எண்ணெய் நாலு சொட்டு விட்டுகினு இருக்காரு. "தங்கச்சி, இதுக்கு செயின் போயிடுச்சின்னா வேற செயினு எங்கயும் கெடைக்கல, இன்னா நம்பருன்னு கூட எழுதல இதுல"ன்னு அவரு சொன்னது எனக்கு பெரிய பாடமா இருந்துச்சு, அப்புறம் நான் எந்த மெஷின பாத்தாலும் கேட்ட மொதல் கேள்வி ஸ்பேர் செயின் கெடைக்குமாங்கிறதுதான்.

அடுத்தது சின்ன நாத்தனார் வீட்டுல, அவங்க வீட்டுக்காரர் மரவேலை பட்டறை வச்சிருக்காரு, அங்க ஒயர் வச்ச 16 இன்ச், 2000 வாட். பலம்னா அது பலம், தானா எண்ணெய் விடுது, முன்பக்க தடுப்ப கையால முன்னாடி தள்ளுனா செயின உடனே நிறுத்துற செயின் பிரேக் விழுது. ஆனா 2000 வாட்னா 230 வோல்ட்டுல ஒம்பது ஆம்பியர்கிட்ட இழுக்கும், சாதா 5 ஆம்பியர் பிளக்கு தாங்காது, 15 ஆம்பியர் பாயிண்ட் வேணும், தோப்பு வரைக்கும் இழுக்கணும்னா 2.5 ஸ்கொயர் மில்லி காப்பர் ஒயர் வேணும், அதையும் சுருட்டி வச்ச நெலையில ஓட்டக் கூடாது, சூடாகி உருகிடும், முழுசா பிரிச்சுப் போட்டுத்தான் ஓட்டணும். பட்டறையில ஒரே இடத்துல கட்டைய வச்சு அறுக்குறவங்களுக்கு அதுதான் சரி, விலையும் பேட்டரி மெஷின விட வசதி. மரத்துக்கு மரம் நடக்குறவங்களுக்கு, காலு பக்கத்துல ஒயர் ஓடுறது பயம். கனமும் அதிகம், தோளுக்கு மேல தூக்க முடியாது.

நல்ல கம்பெனிங்களும் சின்ன மெஷின் போடுறாங்க. ஸ்டில் கம்பெனியோட ஜிடிஏ 26ங்கிறது 10.8 வோல்ட்தான், பார் 10 சென்டிமீட்டர், அதாவது 4 இன்ச், ஆனா கையில எடுத்தவங்களுக்கு தெரியும் அது 88ன்னு எழுதுன மெஷினுங்கள விட ஒழுங்கா வெட்டும், செயின் தரமும் கியரும் அப்படி. அந்த கம்பெனிய ஆரம்பிச்ச ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926லயே கரண்டுல ஓடுற செயின்சா பண்ணவரு, அப்ப ரெண்டு பேரு சேந்து தூக்கணும் அதை. விலை பல மடங்கு, எங்க பட்ஜெட்டுக்கு வரல, 4 இன்ச் எங்களுக்கு பத்தவும் பத்தாது.

கடைசியில முடிவு பண்ண வச்சது வீட்டுல ஏற்கனவே இருந்த டிரில் மெஷின். வீட்டுக்காரர் வாங்கி வச்சது, 18 வோல்ட், ரெண்டு பேட்டரி சார்ஜரோட. அதே கம்பெனியில அதே பேட்டரி மாட்டுற 6 இன்ச் செயின்சா பேட்டரி இல்லாம வெறும் பாடி மட்டும் தனியா குடுக்குறாங்க, பேட்டரியும் சார்ஜரும்தான் விலையில பெரிய பங்கு, அது மிச்சம். கம்பெனி பேரு எழுதாததுக்கு காரணம், உங்க வீட்டுல எந்த பேட்டரி இருக்கோ அந்தப் பக்கம் தேடுறதுதான் சரி, நான் சொன்னத வாங்கணும்னு இல்ல. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, ஒரே கம்பெனின்னாலே பேட்டரி மாறிமாறி பொருந்தும்னு இல்ல, போஷ்லயே நீல கலர் 18 வோல்ட்டும் பச்சை கலர் 18 வோல்ட்டும் வேற வேற வரிசை, ஒண்ணுல ஒண்ணு மாட்டாது. பழைய டிரில்ல கையோட கடைக்கு எடுத்துட்டு போங்க.

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில பிரிச்சு காட்டச் சொன்னேன். நான் பாத்தது இதுதான். ரெண்டு கையும் வைக்க எடம் இருக்கா, முன்பக்க கைப்பிடி ஒழுங்கா திடமா இருக்கா. டிரிக்கர் லாக் இருக்கா, அந்த லாக்க என் கட்டவிரல் கைய நகத்தாம தொடுதா. இது பொம்பளைங்களுக்கு முக்கியம், நெறைய மெஷின் பெரிய கைக்கு பண்ணது, லாக்க அமுக்க கைப்பிடிய தளத்த வேண்டி வந்தா அந்த மெஷின் வேணாம். பேட்டரியோட சேத்து முன்னாடி நீட்டி புடிச்சா மணிக்கட்டு நடுங்குதா. மேல மூக்கு பக்கம் ஒரு தடுப்பு மூடி இருக்கா. பிரஷ்லெஸ் மோட்டாரா, ஏன்னா கார்பன் பிரஷ் தேயுற வேலையும் இல்ல, அதே பேட்டரியில கூட நேரம் ஓடும். எண்ணெய் டேங்க் இருக்கா, தானா விடுதா இல்ல அமுக்கி விடணுமா. என்னோடதுல தானா விடுது. பேட்டரி மாட்டி கொஞ்சம் தள்ளி ஒரு அட்டைக்கு முன்னாடி ஓட விட்டு பாத்தோம், அட்டையில மெல்லிசா எண்ணெய் கோடு தெறிச்சுது, அப்பதான் பணம் குடுத்தேன். எண்ணெய் சரியா போகுதான்னு பாக்க இது நல்ல சோதனை, இப்பவும் வேலைக்கு முன்னாடி ஒரு தடவ பண்றேன்.

எண்ணெய்ன்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன். நெறைய பேரு பைக் சர்வீஸ்ல வடிச்ச கருப்பு ஆயில ஊத்துறாங்க, அதுல இரும்புத் தூளு இருக்கும், பாரோட காடியையும் (செயின் ஓடுற பள்ளம்) செயினையும் அதுவே தின்னுடும், மரத்து வெட்டுக்காயத்துலயும் நம்ம கையிலயும் அதுதான் படும். செயினுக்குன்னு விக்கிற ஆயில் நல்லா பிசுபிசுன்னு இருக்கும், செயின் சுத்துற வேகத்துல தெறிச்சு போகாம ஒட்டும். அது கெடைக்காதப்ப புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஊத்தி ஓட்டுறேன், எங்க ஊரு வெயிலுக்கு சரியா இருக்கு. சமையல் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், ஆனா ஊத்தி மாசக்கணக்குல வச்சா கோந்து மாதிரி இறுகி எண்ணெய் போற ஓட்டைய அடச்சிடும்.

செயின் மாட்டுறப்ப திசை முக்கியம். பாரோட மேல்பக்கம் இருக்குற பல்லோட வெட்டுற வாய் முன்னாடி மூக்க பாத்து இருக்கணும், அப்ப கீழ்ப்பக்கம் நம்மள பாத்து இழுக்கும். தலைகீழா மாட்டுனா புகைதான் வரும். இறுக்கம் எப்டின்னா, பாருக்கு அடியில தொங்கக் கூடாது, நடுவுல புடிச்சி இழுத்தா கொஞ்சம் எழும்பணும் ஆனா உள்ள ஓடுற கண்ணி காடிய விட்டு முழுசா வெளிய வரக் கூடாது, கையுறை போட்டுகிட்டு சுத்துனா தடையில்லாம நகரணும். புது செயின் மொத மொத ஓடுறப்ப சீக்கிரம் தளரும், ரிவெட்டுங்க பழகுற வரைக்கும் அடிக்கடி பாக்கணும். சூடா இருக்குறப்ப இறுக்குனீங்கன்னா ஆறுன பிறகு சுருங்கி பார நெறிக்கும், அதனால ஆற விட்டுட்டு இறுக்குங்க. இதெல்லாம் பண்றப்ப பேட்டரி வெளிய கழட்டி வச்சிருக்கணும், எப்பவும், ஒரு சிம்பு மாட்டிகிட்டா எடுக்குறதுக்கு கூட.

எங்க பக்கம் நீலம் கடைசியா ஆடி வரைக்கும் இருக்கும், அறுப்பு முடிஞ்ச பிறகு ஆகஸ்ட், செப்டம்பர்தான் மாவுக்கு கவாத்து காலம். அதை விட்டு ஐப்பசி, கார்த்திகைன்னு தள்ளிப் போட்டா, மார்கழி தைல பூக்க வேண்டிய முதிர்ந்த நுனிங்களையே நாம வெட்டிப் போட்டுடுவோம். தோப்புக்கு போறப்ப வீட்டுக்காரரோட பழைய பேன்ட், முழுக்கை சட்டை, கண்ணாடி, ஷூ, தலைமுடிய கொண்டை போட்டு துணி கட்டிகிட்டேன், துப்பட்டா, புடவை முந்தானை இதெல்லாம் செயின் கிட்ட போகவே கூடாது. அத்தை பாத்துட்டு "இன்னாம்மா, மிலிட்டரிக்கு போறவ மாரி கீற"ன்னாங்க, ஆனா அவங்களே அன்னிக்கு வெறவு பொறுக்க வந்து பத்தடி தள்ளித்தான் நின்னாங்க, நான் கேட்டுகிட்டேன் அப்டி நிக்கச் சொல்லி.

மூக்குன்னு சொன்னேன் இல்ல, அது இதுதான். பாரோட முனையில மேல் பாதி எங்கயாவது மரத்துல பட்டுச்சுன்னா செயினோட பலம் முழுக்க திரும்பி பார மேல நோக்கி நம்ம மூஞ்சிய பாத்து எறியும், கண்ணு இமைக்கிற நேரத்துல. சின்ன மெஷின்ல பலம் கம்மி, ஆனா அது மூஞ்சிக்கு ரொம்ப கிட்ட இருக்கு, ஒத்தக் கையால வேற புடிப்பாங்க, பல சின்ன மெஷின்ல செயின் பிரேக்கும் கெடயாது. ரெண்டு கை, மூக்கு எங்க இருக்குன்னு கண்ணு அங்கயே, ஏணி மேல நின்னு ஓட்டக் கூடாது. ஏணியில நின்னா ஒரு கை கொம்ப புடிக்கப் போகும், அதுதான் வெட்டுற எடம். எட்டாத கொம்புக்கு நீளக் கம்பு வச்ச ரம்பம் கெடைக்குது, இல்லன்னா தொரட்டியால வளச்சு புடிக்க ஒருத்தர் வேணும். கரண்டு கம்பி பக்கத்துல இருக்குற கொம்ப மட்டும் யாரும் தொடாதீங்க, மின்வாரியத்துக்கு சொல்லி லைன் ஆஃப் பண்ணி அவங்களே வெட்டணும்.

வெட்டுற முறைக்கு வர்றேன். கொம்ப மேல இருந்து ஒரே போக்கா அறுத்தா பாதி போறதுக்குள்ள கனம் தாங்காம முறிஞ்சு அடிமரத்து பட்டைய ஒரு முழம் உரிச்சுகினு வரும், மாவுல அது ரொம்ப நடக்கும். அதனால மூணு வெட்டு. மொத வெட்டு அடியில இருந்து மேல, அடிமரத்துல இருந்து ஒரு முழம் தள்ளி, மூணுல ஒரு பங்கு ஆழம். இதுக்கு பாரோட மேல்பக்கத்தால வெட்டணும், அப்ப மெஷின் நம்மள பாத்து தள்ளும், முழங்கைய ஒடம்போட சேத்து வச்சுக்கணும். ரெண்டாவது வெட்டு அதுக்கு ரெண்டு மூணு விரல் வெளிய தள்ளி மேல இருந்து, கொம்பு தானா விழுந்துடும், பட்டை உரியாது. மூணாவது மிச்ச கட்டைய எடுக்குறது. இதுல அடிமரத்தோட சமமா வழிச்சு எடுக்குறதுதான் எங்க பக்கம் வழக்கம், பாக்க அழகா இருக்கும், மரத்துக்கு கெடுதல். கொம்பு அடிமரத்துல சேர்ற எடத்துல ஒரு வீங்குன வளையம் இருக்கும், அதுக்கு கொஞ்சம் வெளிய வெட்டணும், அந்த வளையத்துல இருந்துதான் புதுப் பட்டை வளந்து வெட்ட மூடும். அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோன்னு ஒரு விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்கள செயின்சாவால நீளவாக்குல பிளந்து பிளந்து பாத்து, மரம் காயத்த நம்ம தோலு மாதிரி ஆத்திக்கிறதில்ல, உள்ளுக்குள்ள சுவர் எழுப்பி அழுகல அடைச்சு வைக்குதுன்னு 1970கள்ல விளக்கமா எழுதுனாரு, அந்த வளையத்த வெட்டுனா சுவரே போச்சு. இத மாமாகிட்ட சொன்னப்ப "ஏம்மா, அறுபது வருசமா வழிச்சுத்தான் வெட்டுனோம்"னாரு, ஆனா அடிமரத்துல பழைய வழிச்ச வெட்டுங்க பொந்தா இருக்குறத நாங்க ரெண்டு பேரும் சேந்து போயி பாத்தோம், அதுக்கப்புறம் அவரே பக்கத்துல உக்காந்து வளையம் எங்கன்னு சாக்பீஸால கோடு போட்டுக் குடுத்தாரு.

நெறைய வேலை வச்சது புல்லுருவி. நாலு பெரிய மரத்துல இருந்துச்சு, தூரத்துல இருந்து பாத்தா மாவோட இலை மாதிரியே இருக்கும், கிட்ட போனா சின்ன இலை, செவப்பு பூ, கொம்புல ஒரு முட்டு. குருவிங்க பழத்த தின்னுட்டு பிசுக்கான விதைய கொம்புல தேச்சிட்டு போகும், அது மொளச்சு வேர மரத்துக்குள்ள விட்டு தண்ணிய உறிஞ்சும். புல்லுருவிய மட்டும் ஒடிச்சா திரும்ப வந்துடும், அது புடிச்ச கொம்பையே முட்டுக்கு ஒரு முழம் கீழ வெட்டணும். இங்கதான் 6 இன்ச் மெஷின் தன் வேலைய காட்டுச்சு, புல்லுருவி வர்ற கொம்பெல்லாம் சரியா ரெண்டு மூணு இன்ச்.

ஒரு பங்கனப்பள்ளி கொம்புல வெட்டுறப்ப உள்ள பொந்து, விரல் தடிமன் தண்டு துளைப்பான் புழு. கம்பியால புழுவ இழுத்தெடுத்து, கொம்ப நல்ல மரம் வர்ற வரைக்கும் கீழ வெட்டினேன். இந்தப் புழு இனத்துக்கும் செயின்சாவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு தெரியுமா? ஆரம்ப கால செயின்ல பல்லுங்க சாதா ரம்பம் மாதிரி நேரா இருக்கும், ஓயாம தீட்டணும். 1946ல அமெரிக்காவோட ஆரிகன் மாநிலத்துல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரவெட்டி, ஒரு அடிக்கட்டையில மரம் தின்னுற வண்டோட புழு மர நரம்பு நேரா போனாலும் குறுக்க போனாலும் ஒரே மாதிரி மென்னுகிட்டு போறத பாத்தாரு, அதோட வாயி எடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறி வெட்டுது. அத பாத்துதான் எடது பல்லு வலது பல்லுன்னு மாறி மாறி வளஞ்ச பல்லு வச்ச செயின பண்ணாரு, இன்னிக்கு என் கையில இருக்குற சின்ன செயின் வரைக்கும் அதே அமைப்புதான். அந்தப் புழுவ உள்ளங்கையில வச்சு பக்கத்துலயே செயின் பல்ல வச்சு பசங்களுக்கு காட்டினேன்.

வெட்டுன எடத்துக்கு பூஞ்சை புடிக்காம இருக்க போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணியில, 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டர் தண்ணியில, தனித்தனியா பிளாஸ்டிக் வாளியில கரைச்சு அப்புறம் சேக்கணும், இரும்புப் பாத்திரம் ஆகாது. சேத்த பிறகு ஒரு இரும்புக் கத்திய முக்கி எடுத்து செவப்பா செம்பு படிஞ்சா சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் போடணும். அன்னிக்கே தடவி முடிச்சிடணும். நோய் புடிச்ச மரத்துல இருந்து நல்ல மரத்துக்கு போறதுக்கு முன்னாடி செயின ஸ்பிரிட் நனைச்ச துணியால தொடைக்கிறேன்.

மத்த மரம் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். வேம்பும் புங்கனும் சுலபம். முருங்கை மெத்து, ஈரம், பட்டை நாரு நாரா உரிஞ்சு செயின் கவருக்குள்ள அடச்சிக்கும், அதுக்கு கைரம்பமே மேல். தென்னமட்டை, பனைமட்டை செயின்சாவுக்கு ஆகாது, நாரும் சிலிக்காவும் சேந்து பல்ல மழுங்க அடிச்சிடும், கத்திதான் அதுக்கு. புளி வைரம் பாஞ்ச மரம், ரெண்டு இன்ச் வரைக்கும் வெட்டினேன், தடிமன் கொம்பு ரெண்ட பெரிய மெஷின்காரங்களுக்கு விட்டுட்டேன். வேலிகாத்தான் வெட்டலாம், ஆனா கெட்டி, அடியில மண்ணு ஒட்டுன எடத்துல செயின் வச்சா மணல் பட்டு ஒரே வெட்டுல பல்லு போயிடும், தரைக்கு மேல வெட்டுனா திரும்ப துளிர்க்கும், வேரோட தோண்டணும். எங்க ஜில்லாவுல இன்னொண்ணு, ஜவ்வாது மலை பக்கம் மட்டுமில்ல கீழயும் வேலி ஓரம் பறவை போட்ட விதையில சந்தனக் கன்னு தானா வரும், அது பட்டா நெலத்துல இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாம வெட்டக் கூடாது, என்ன மரம்னு தெரியாம மெஷின வைக்காதீங்க.

தீட்டுறது. தூள பாத்தாலே தெரிஞ்சிடும், நல்ல செயின் செதில் செதிலா துப்பும், மழுங்குன செயின் மாவா கொட்டும், நாம அமுக்கத் தொடங்குவோம், பேட்டரி சீக்கிரம் எறங்கும், புகை வரும். மெஷின் பலம் பத்தலன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு செயின்தான் மழுங்கியிருக்கு. இந்த சைஸ் செயினுக்கு உருண்டை அரம் 4 மில்லி, சில கம்பெனி சின்ன செயினுக்கு 3.2 மில்லி, மேனுவல்ல போட்டிருக்கும், பெரிய அரத்த போட்டா பல்லோட வளைவு கெட்டுடும். பார ஒரு கட்டையில இறுக்கி, 30 டிகிரி சாய்வுல, உள்ள இருந்து வெளிய ஒரே திசையில தள்ளணும், திரும்ப இழுக்குறப்ப அரத்த தூக்கிடணும். ஒரு பல்லுக்கு மூணு தள்ளுன்னா எல்லா பல்லுக்கும் மூணு, மொதல்ல எடது பல்லு எல்லாம், அப்புறம் திரும்பி வலது. ஒரு பக்கம் கூட போச்சுன்னா வெட்டு வளஞ்சு போகும். பல்லுக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கு, அதுதான் பல்லு எவ்ளோ ஆழம் கடிக்கணும்னு கட்டுப்படுத்துறது, பல தடவ தீட்டுன பிறகு தட்டை அரத்தால அதையும் துளி எறக்கணும், அவசரப்பட்டு நெறைய எறக்குனா மெஷின் துள்ளும்.

பேட்டரிய வெயில்ல போடாதீங்க. லித்தியம் செல்ல 45 டிகிரிக்கு மேல சார்ஜ் போடக் கூடாது, எங்க ஊருல சித்திரை வைகாசியில தகர ஷெட்டுக்குள்ள அது சாதாரணமா தாண்டும். வேலை முடிஞ்சதும் நெழல்ல வச்சு ஆறுன பிறகு சார்ஜ், மாசக்கணக்குல வைக்கிறதுன்னா பாதி சார்ஜோட வீட்டுக்குள்ள. 4 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணுக்கு ரெண்டு மரம் தாராளமா முடியுது, ஒண்ணு ஓடுறப்ப இன்னொண்ணு சார்ஜுல.

ஸ்பேர் செயின் வாங்கப் போறவங்க கடையில மூணு விஷயம் சொல்லணும். பிட்ச் (ரிவெட்டுங்களோட இடைவெளி கணக்கு), கேஜ் (காடிக்குள்ள போற கண்ணியோட தடிமன்), உள்ள ஓடுற கண்ணி எத்தன. என்னோடது கால் இன்ச் பிட்ச், 0.043 இன்ச் கேஜ், 37 கண்ணி. பிட்ச் எழுதலன்னா வரிசையா மூணு ரிவெட்டுக்கு நடுவுல அளந்து ரெண்டால வகுங்க, 6.35 மில்லி வந்தா கால் இன்ச். கண்ணிய நீங்களே எண்ணுங்க, ஒரு கண்ணியில மார்க்கர் வச்சுட்டு எண்ணுனா தப்பாது, ஏன்னா 6 இன்ச்சுன்னே போட்டிருக்குற பாருக்கு 36, 37, 38ன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறுது, ஒண்ணு கூடக் குறைய இருந்தாலும் மாட்டாது. நான் ரெண்டு செயின் வாங்கி எண்ணெய் துணியில சுத்தி டிரில் பொட்டியிலயே வச்சிருக்கேன், அரம் ரெண்டும் அதுலயேதான்.